இத்தாலியில் பாடம் கேட்டவர்கள்

1506-ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் வெனிஸ் நகரத்து நடனப் பள்ளி ஒன்றில் 35 வயது ஜெர்மானியர் ஒருவர் சேர்ந்தார். கட்டணம் ஒரு டுகாட், தங்கக் காசு. இரண்டு முறை போனார். மூன்றாம் முறை அவரை அங்கே அனுப்ப எவராலும் இயலவில்லை. இப்படியே போனால் ஈட்டியதையெல்லாம் ஆசிரியரிடம் கொட்டிவிட்டு, முடிவில் ஆடவும் தெரியாமல் நிற்க வேண்டியதுதான் என்று ஊரிலிருந்த நண்பருக்குக் கடிதம் எழுதினார். அவர் பெயர் ஆல்பிரெக்ட் டியூரர். நியூரம்பர்க் நகரத்தவர்; அன்றைய ஐரோப்பாவின் தலைசிறந்த ஓவியர்களுள் ஒருவர். அதே கடிதத்தில் இன்னொரு செய்தியும் உண்டு. தட்டையான பலகையில் ஆழத்தைக் காட்டும் வரைகலையின் மறைபொருளை ஒருவர் தமக்குச் சொல்லித்தர இருப்பதாகவும், அதற்காகக் குதிரையேறி பொலோன்யாவுக்குச் சென்று எட்டுப் பத்து நாட்கள் தங்கப்போவதாகவும் எழுதுகிறார்.

எட்டுப் பத்து நாட்கள்! இன்று இத்தாலிக்கு விடுமுறையில் செல்வோருக்கு விற்கப்படும் பயிற்சி வகுப்புகளின் கால அளவும் ஏறத்தாழ அதுவே. காலையில் சந்தைக்குப் போய்க் காய்கறி வாங்கி மாவு பிசையப் பழகுதல். பிற்பகலில் ஈரச் சுண்ணத்தின்மீது சுவரோவியம் தீட்டுதல். மாலையில் கொஞ்சம் இத்தாலிய மொழி, கொஞ்சம் திராட்சை மது. வார இறுதியில் ஒரு சான்றிதழ். டஸ்கனியிலும் உம்பிரியாவிலும் இதை நடத்தாத சிற்றூர் அரிது.

மாணாக்கர் வகை கூறவந்த நன்னூலார் ஆட்டை உவமை காட்டுவது நமக்குத் தெரிந்ததே. ஒரு செடியில் நின்று வயிறு நிரம்ப மேயாமல், செடிக்குச் செடி வாய்வைத்துப் போகும் மாணவன் அவன். ஒரு வாரத்தில் மூன்று கலை பயில வருவோரைப் பார்த்தால் அந்த ஆடுதான் நினைவுக்கு வரும். இது சுற்றுலா வணிகம் நேற்றுக் கண்டுபிடித்த வேடிக்கை என்று ஒதுக்கிவிடவும் தோன்றும். ஆனால் டியூரரின் கடிதம் அப்படி ஒதுக்கவிடாது. ஐந்நூறு ஆண்டுகளாக வெளிநாட்டவர் இத்தாலிக்குப் பாடம் கேட்கப் போய்க்கொண்டிருக்கிறார்கள். இதில் நாம் கவனிக்க விரும்புவது பாடத்திட்டத்தை. ஓவியம், சிற்பம், மொழி, மருத்துவம், குதிரையேற்றம், நடனம் என நீளும் அந்தப் பழைய பட்டியலில் சமையல் மட்டும் இல்லை. ஏறக்குறைய நானூற்றைம்பது ஆண்டுகள் இல்லை. அது எப்போது, எந்த வாயில் வழியாக உள்ளே நுழைந்தது?

பழைய பட்டியலை முதலில் பார்ப்போம். பதுவா பல்கலைக்கழகம் மருத்துவத்துக்குப் புகழ்பெற்றது. இரத்த ஓட்டத்தை விளக்கிய வில்லியம் ஹார்வி 1602-இல் அங்கேதான் பட்டம் பெற்றார். நேப்பிள்ஸ் நகரத்துக் குதிரையேற்ற ஆசான்களிடம் ஐரோப்பியப் பிரபுக்களின் பிள்ளைகள் சேணம் பிடிக்கக் கற்றார்கள். சியன்னா நகரில் 1588-இலேயே, அங்கு பயின்ற ஜெர்மானிய மாணவர்களுக்காக டஸ்கன் மொழிக்கென ஓர் இருக்கையை மெடிசி அரசர் ஃபெர்டினாண்டோ நிறுவினார். வெளிநாட்டவருக்கு மொழி கற்பிக்க ஒரு பேராசிரியர் பதவி! நம்முடைய பல்கலைக்கழகங்கள் இதைப் பற்றி யோசிக்கத் தொடங்கியதே அண்மையில்தான். 1670-இல் வெளிவந்த ரிச்சர்ட் லாசெல்ஸ் என்னும் ஆங்கிலேயப் பாதிரியாரின் இத்தாலியப் பயண நூல், இந்தக் கல்விப் பயணத்துக்கு ‘பெரும் சுற்று’ என்ற பொருள்படும் பெயரை வழங்கியது. செல்வர் வீட்டு இளைஞன் பள்ளிக் கல்வி முடிந்ததும் ஓர் ஆசிரியரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு ஓரிரண்டு ஆண்டுகள் சுற்றிவருவான். அதன் முடிமணி ரோமாபுரி.

அடுக்களை இந்தக் கல்விக்கு வெளியே நின்றது. நின்றதோடு மட்டுமன்று, நகைப்புக்கும் உரியதாயிற்று. பிரெஞ்சுக் கட்டுரையாசிரியர் மொந்தேன், கார்டினல் கரஃபாவின் உணவுப் பொறுப்பாளராக இருந்த ஓர் இத்தாலியரோடு பேசியதை எழுதியிருக்கிறார். பசியின் வகைகள், குழம்புகளின் இலக்கணம், பருவத்துக்கேற்ற கீரைகள் என்று அந்த மனிதர் விரிவாக எடுத்துரைக்கிறார். இறையியல் பேசுவதுபோல, ஓர் அரசை நடத்துவதுபோல அத்தனை கனத்த சொற்களில் பேசினாராம். மொந்தேன் இதைச் சொல்வது சொற்களின் வெறுமையைப் பற்றிய கட்டுரையில்.  அதைக் கேட்டவர் சிரித்துவிட்டுப் போனார். இன்று அதே பேச்சைக் கேட்க மக்கள் கடல் கடந்து போகிறார்கள்.

1608-இல் பெரும்பாலும் கால்நடையாகவே வெனிஸ் வரை சென்றுவந்த தாமஸ் கோரியட், இத்தாலியர் முள்கரண்டியால் இறைச்சியைப் பிடித்துக்கொண்டு உண்பதைக் கண்டு வியந்து, தாமும் அதைப் பழகிக்கொண்டு நாடு திரும்பினார். நண்பர்கள் கேலி செய்தார்கள். 1611-இல் வந்த அவருடைய நூலில் கரண்டிப் பகுதிதான் இன்றும் பேசப்படுகிறது. (இந்த விசித்திர மனிதர் பின்னர் நடந்தே இந்தியாவுக்கும் வந்தார், 1617-இல் சூரத்தில் மாண்டார்.) உண்ணும் கருவியைக் கற்கலாம், சமைப்பதைக் கற்பதா? அது ஏவலர் வேலை.

ஓவியக் கல்வியோ அரசு நிறுவனமாகவே வளர்ந்தது. பதினான்காம் லூயியின் அமைச்சர் கொல்பேர் 1666-இல் ரோமாபுரியில் பிரெஞ்சுக் கலைக்கழகத்தைத் தோற்றுவித்தார். இளம் ஓவியர்கள் சில ஆண்டுகள் அங்கே தங்கி, பழஞ்சிற்பங்களையும் ரஃபேலையும் அரசருக்காகப் படியெடுக்க வேண்டும். ‘ரோம் பரிசு’ என்னும் அந்தப் போட்டி 1968 வரை நீடித்தது.

இந்த மரபின் மிகப் பெரிய மாணவர் கதே. 1786 செப்டம்பர் மாதம், விடியற்காலை மூன்று மணிக்கு, நண்பர்களிடம் சொல்லிக்கொள்ளாமல் கார்ல்ஸ்பாட் நகரிலிருந்து வண்டியேறினார். வயது 37. வைமார் அரசவையில் அமைச்சர். ஐரோப்பா அறிந்த எழுத்தாளர். ரோமாபுரியில் அவர் தம்மை ஓவியர் என்று சொல்லிக்கொண்டு வேறு பெயரில் தங்கினார். டிஷ்பைன் என்னும் ஓவியரோடு கோர்சோ வீதியில் ஒரு வீட்டில் அறை. அங்கிருந்துகொண்டு மாணவராகவே வாழ்ந்தார்: கோடு வரையப் பழகினார், ஆழத்தோற்ற விதிகளை ஓர் ஆசிரியரிடம் பாடம் கேட்டார், மனித உடலின் அமைப்பைப் படித்தார், களிமண்ணில் உருவம் பிடித்துப் பார்த்தார். அந்நகரில் புகழோடு வாழ்ந்த பெண் ஓவியர் ஆஞ்சலிகா கௌஃப்மனோடு ஞாயிறுதோறும் ஓவியக் கூடங்களுக்குச் சென்று, படம் பார்ப்பது எப்படி என்று கற்றார். நூற்றுக்கணக்கான சித்திரங்கள் வரைந்தார்.

கற்றுத் தேர்ந்தாரா? 1788 பிப்ரவரியில் அவர் எழுதியிருப்பதைப் படிக்கும்போது, கற்பிக்கும் தொழிலில் இருக்கும் நமக்கு மனம் கனிகிறது. தாம் பிறந்தது கவிதைக்கே, ஓவியத்துக்கு அன்று என்பது நாளுக்கு நாள் தெளிவாகிறது என்று ஒப்புக்கொள்கிறார். ஓவியனாக முடியாது என்பதை அறிய ஒன்றரை ஆண்டு ஓவியம் பயில வேண்டியிருந்தது. இதை வீண் என்று எவரும் சொல்லத் துணியார். இத்தாலியப் பயிற்சி வகுப்புகளின் ஐந்நூறு ஆண்டு வரலாற்றில் மிகப் பயனுள்ள தோல்வி இதுவே என்பது நம் கருத்து.

அதே கதே 1787 ஏப்ரலில், க்னீப் என்னும் ஓவியரைப் படம் வரையத் துணைக்கு அழைத்துக்கொண்டு, சிசிலித் தீவின் ஜிர்ஜென்தி நகரை (இன்றைய அக்ரிஜென்தோ) அடைந்தார். கிரேக்கக் கோயில்களின் இடிபாடுகளைக் காணப் போனவர்களுக்குத் தங்கச் சத்திரம் இல்லை. ஒரு குடும்பம் தன் வீட்டில் இடங்கொடுத்தது. அந்த வீட்டில் பெண்கள் உட்கார்ந்து மக்கரோனி செய்துகொண்டிருந்தார்கள். உயர்ந்த கடின கோதுமை மாவைப் பிசைந்து, துண்டு துண்டாக்கி, விரல்நுனியால் திருகி நத்தைக்கூடு போன்ற வடிவம் கொடுக்கிறார்கள். கதே அருகிலிருந்து பார்க்கிறார். மாவின் தரத்தைக் கேட்டுக் குறித்துக்கொள்கிறார். விரல்களின் அசைவை விவரிக்கிறார். தாவரவியலும் கற்றவர் அல்லவா, கண் துல்லியமானது. ஆனால் மாவில் கைவைக்க அவருக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால்தான் வியப்பு. சுண்ணாம்புக் கல்லில் எழுந்த தூண்களை வரையப் பயிற்சி வேண்டும். விரல்நுனியில் சுருளும் மாவுக்கு வேண்டியதில்லை. இன்று அதே தீவில் அதே திருகலைக் கற்க மக்கள் வரிசையில் நின்று பணம் கட்டுகிறார்கள்.

எதிர்த்திசையில் வந்த இரு இத்தாலியரை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1606-இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி, இங்கே பாடம் கேட்பதற்கு முன் அடுக்களையை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. புலாலைத் துறந்து, பிராமணச் சமையற்காரர் ஒருவரை அமர்த்திக்கொண்ட பிறகுதான் சில வாசல்கள் திறந்தன. நூறாண்டு கழித்து வந்த பெஸ்கி, தமிழில் காவியமே பாடி வீரமாமுனிவர் ஆனார். அவர்களுடைய நோக்கம் சமயம் என்பது வேறு செய்தி. உண்ணும் முறை அறியாமல் ஓர் ஊரை அறிய முடியாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அவர்களுடைய சொந்த நாட்டுக்கு வந்த மாணவர்களுக்கு அது தெரிய இன்னும் நெடுங்காலம் ஆயிற்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மாணவர்களே மாறினார்கள். ஹேரியட் ஹாஸ்மர் என்னும் அமெரிக்க இளம்பெண் 1852-இல் ரோமாபுரிக்கு வந்து, ஜான் கிப்ஸன் என்னும் பிரித்தானியச் சிற்பியின் பட்டறையில் சேர்ந்தார். அவருடைய நாட்டில் பெண்ணுக்கு இப்படியொரு பயிற்சி எளிதில் வாய்க்காது. அவர் செய்த ஸெனோபியா சிலை 1862-இல் லண்டன் கண்காட்சியில் நின்றபோது, அதை உண்மையில் செதுக்கியவர் வேறு ஆண் என்று பேச்சு எழுந்தது. ஹாஸ்மர் சும்மா இருக்கவில்லை. ஒரு சிற்பம் உருவாகும் முறையை விளக்கி 1864-இல் கட்டுரை எழுதினார்: சிற்பி களிமண்ணில் சிறிய உருவைச் செய்வார், அதைப் பெரிதாக்கிப் பளிங்கில் செதுக்குபவர்கள் கூலித் தொழிலாளர், ஆண் சிற்பிகள் எல்லாரும் செய்வது இதுவே, பெண்ணை மட்டும் கேட்பானேன்? நியாயமான கேள்வி.

ஆப்பிரிக்க வழியும் அமெரிக்கப் பழங்குடி வழியும் கலந்து பிறந்த எட்மோனியா லூயிஸ், 1860-களின் நடுவில் ரோமாபுரிக்கு வந்தார். அவருக்கு அந்த வாதமும் உதவாது என்று தெரிந்திருந்தது. ஆகவே தொடக்கத்தில் தம் பளிங்கைத் தாமே செதுக்கினார். தம் கையையே சாட்சியாக்கினார். இவ்விருவரின் கதையில் மூன்றாம் தரப்பு ஒன்று உண்டு. அதைப் பெரும்பாலான கலை நூல்கள் பேசுவதில்லை. பளிங்கு செதுக்கிய அந்த இத்தாலியத் தொழிலாளர்கள் யார்? சிலையின் அடியில் அவர்கள் பெயர் இல்லை. கலைப் பாடம் என்று வெளிநாட்டார் இத்தாலியில் கற்றதில் பெரும்பங்கு இவர்களுடைய கைகளில் இருந்தது. ஜிர்ஜென்திப் பெண்களின் விரல்களைப்போலவே இந்தக் கைகளும் வேடிக்கை பார்க்கப்பட்டன, ஆசிரியர்களாக மதிக்கப்படவில்லை.

1864-இல் தாமஸ் குக் முதல் கூட்டத்தை இத்தாலிக்கு அழைத்துவந்தார். பெரும் சுற்று சிறு சுற்றாயிற்று. இருபதாம் நூற்றாண்டில் சியன்னாவில் 1917-இலும் பெருஜியாவில் 1921-இலும் வெளிநாட்டவருக்கான மொழி, பண்பாட்டு வகுப்புகள் தொடங்கின. இவை இரண்டும் இன்று பல்கலைக்கழகங்கள். பண்பாட்டு வகுப்பு என்றால் அது அரசியலுக்கு அப்பாற்பட்டது என்று நினைப்போர் ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். 1926 அக்டோபரில் பெருஜியாவின் அந்த வகுப்பறைக்கு உரையாற்ற வந்தவர் முசோலினி. தலைப்பு: பண்டை ரோமும் கடலும். மத்தியதரைக் கடலின்மீது கண்வைத்திருந்த ஒருவர் நடத்திய வரலாற்றுப் பாடம் எப்படி இருந்திருக்கும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

இனி அடுக்களை.

பெல்லெக்ரினோ அர்த்தூசி, ஃபொர்லிம்போபோலி என்னும் சிற்றூரில் 1820-இல் பிறந்த வணிகர். ஃபிளாரன்ஸில் குடியேறிப் பொருளீட்டி ஓய்வுபெற்றபின், 1891-இல் தம் சொந்தச் செலவில் ஒரு சமையல் நூலை அச்சிட்டார். பதிப்பாளர் எவரும் முன்வரவில்லை. முதற்பதிப்பில் 475 குறிப்புகள். வாசகர்கள் கடிதம் எழுதினார்கள், திருத்தினார்கள், தங்கள் ஊர்ப் பதார்த்தங்களை அனுப்பினார்கள். நூல் வளர்ந்து 790 குறிப்புகளில் நின்றது. இத்தாலி ஒரே நாடானது 1861-இல்தான். அரசு ஒன்றானாலும், மக்கள் பேசியவை வெவ்வேறு வட்டார மொழிகள், உண்டவையும் வெவ்வேறு. ‘இத்தாலியச் சமையல்’ என்ற ஒன்று முன்பே இருந்து அர்த்தூசி அதை எழுதிவைக்கவில்லை. எழுதியதால் அது உருவாயிற்று. அந்தக் குறிப்புகளை அடுப்பில் ஏற்றிச் சோதித்துப் பார்த்தவர்கள் அவருடைய பணியாளர்கள்: மரியெத்தா சபாத்தினி, பிரான்செஸ்கோ ருஃபில்லி. 1911-இல் இறந்த அர்த்தூசி நூலின் உரிமையை அவ்விருவருக்கும் எழுதிவைத்தார். கணக்குத் தெரிந்த மனிதர். கடன் யாருக்கு என்பதும் தெரிந்திருந்தது.

அந்த நூல் நடுத்தர வகுப்பாரின் நூல். அதே ஆண்டுகளில் வடக்கு இத்தாலியின் உழவர்கள் சோளக்களியைத் தவிர வேறொன்றும் உண்ணக் கிடைக்காமல் பெலாக்ரா நோயில் வீழ்ந்தார்கள். தோல் வெடித்து, புத்தி பேதலித்து, உயிரைக் குடிக்கும் நோய். 1879-ஆம் ஆண்டு விசாரணையில் ஏறத்தாழ ஒரு லட்சம் நோயாளிகள் கணக்கில் வந்தனர். இன்று பயிற்சி வகுப்புகளில் செப்புப் பாத்திரத்தில் அன்போடு கிளறிக் காட்டப்படும் அந்தப் பொலெந்தாதான் இந்தச் சோளக்களி. 1880-இலிருந்து முதல் உலகப்போர் வரை ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் இத்தாலியை விட்டுக் கப்பலேறினர். பசி ஓட்டியது.

டஸ்கனியில் நிலம் வாரத்துக்கு விடப்பட்டது. விளைவில் பாதி நிலக்கிழாருக்கு. மேல்வாரம், குடிவாரம் என்ற சொற்களை அறிந்த நமக்கு இதை விளக்கவேண்டியதில்லை. வாரக்குடி குடும்பம் மூன்று தலைமுறையாக ஒரே கல்வீட்டில் வாழும். அடுக்களையும் கோழியும் மூத்த பெண்ணின் ஆட்சி. ரொட்டி வாரத்துக்கு ஒருமுறை சுடப்படும். மீந்து கல்லாகிப்போன ரொட்டியைக் காய்கறிக் கஞ்சியில் இட்டு, மறுநாள் மீண்டும் கொதிக்கவைத்து உண்பார்கள். ‘ரிபொல்லித்தா’ என்ற பெயருக்கே ‘மறுபடி கொதித்தது’ என்றுதான் பொருள். நம் பழையதுக்கு உறவுமுறை.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் இந்தக் குடும்பங்கள் ஆலைகளைத் தேடி நகரங்களுக்குப் போயின. 1964-ஆம் ஆண்டுச் சட்டம் புதிய வார ஒப்பந்தங்களைத் தடைசெய்தது. கல்வீடுகள் காலியாயின. 1985-இல் இன்னொரு சட்டம், பண்ணை வீடுகளில் விருந்தினரைத் தங்கவைக்கும் தொழிலுக்கு வழிவகுத்தது. இவ்விரு சட்டங்களுக்கும் இடைப்பட்ட காலத்தில்தான் சமையல், பாடம் ஆயிற்று. சமைத்தவர்கள் வீட்டை விட்டுப் போன பிறகு, கற்பவர்கள் அந்த வீட்டுக்கு வந்தார்கள்.

அவர்களுக்கு முதலில் கற்பித்தவர்களுள் தலையாயவர் மார்செல்லா ஹாசான். 1924-இல் செசெனாத்திக்கோ என்னும் கடற்கரை ஊரில் பிறந்தவர். இயற்கை அறிவியலில் ஆய்வுப் பட்டம் பெற்றவர். திருமணமாகி 1955-இல் நியூயார்க் போகும்வரை சமைத்து அறியாதவர். அங்கே ஒரு சமையல் நூலை விரித்துவைத்து, அம்மாவின் கைச்சுவையை நாக்கின் நினைவிலிருந்து மீட்டார். 1969-இல் சீனச் சமையல் வகுப்பு ஒன்றில் மாணவியாகச் சேர்ந்தார். ஆசிரியை சீனா செல்லவே, உடன் பயின்றோர் இவரையே இத்தாலியச் சமையல் கற்பிக்கக் கேட்டனர். 1973-இல் அவருடைய முதல் நூல். 1976-இல் பொலோன்யாவில் வெளிநாட்டவருக்கான பள்ளி. டியூரர் குதிரையேறிப் போன அதே பொலோன்யா! இத்தாலிக்குப் போய் இத்தாலியச் சமையல் கற்கலாம் என்ற வழக்கத்தை நிலைநிறுத்தியவர், அதைத் தாம் கற்றது நியூயார்க்கில். ‘தலைமுறை தலைமுறையாக மாறாத பாட்டி கைமணம்’ என்று விளம்பரங்கள் முழங்குவதைப் பார்க்கும்போது இதை எண்ணிப் புன்னகைக்காமல் இருக்க முடிவதில்லை.

நூறு கிராம் மாவுக்கு ஒரு முட்டை. பிசைந்து ஆறவிட்டு, நீண்ட உருளைக்கட்டையால் தாள்போல விரித்தல். இந்தப் பாடத்தைக் குறைகூற நமக்கு விருப்பமில்லை. கதே நின்று பார்த்ததை இவர்கள் கையால் செய்கிறார்கள். ஏவலர் வேலை எனப்பட்டது இன்று ரஃபேலின் பக்கத்தில் அமர்ந்திருக்கிறது. இது சிறிய மாற்றமன்று. நமக்குக் குறையாகப்படுவது வேறு. வாரக்குடியின் வீட்டில் உட்கார்ந்து, வாரக்குடியின் பழையதைச் சமைக்கக் கற்கும் விருந்தினருக்கு, அவ்வீட்டார் ஏன் போனார்கள் என்று பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை. ‘ஏழையர் சமையல்’ என்ற பெயரை மட்டும் இனிய முத்திரையாக ஒட்டிக்கொடுக்கிறார்கள். ஓவிய வகுப்பில் ஜொத்தோவின் காலத்தையும் சமயத்தையும் விளக்காமல் தூரிகையைக் கையில் கொடுக்கும் ஆசிரியரை நாம் ஏற்போமா? ரிபொல்லித்தாவுக்கும் அந்த உரிமை உண்டு.

2025 டிசம்பரில் புதுதில்லி செங்கோட்டையில் கூடிய யுனெஸ்கோ குழு, இத்தாலியச் சமையலை மானுடத்தின் மரபுச் செல்வப் பட்டியலில் சேர்த்தது. அதே கூட்டத்தொடரில்தான் நம் தீபாவளியும் சேர்க்கப்பட்டது. அர்த்தூசியின் சொந்த ஊரில் 2007-இல் அவர் பெயரால் திறக்கப்பட்ட இல்லத்தில் நூலகமும் சமையற்பள்ளியும் இயங்குகின்றன. அங்கே மாவு விரிக்கக் கற்றுத்தரும் தன்னார்வலர்களுக்கு ‘மரியெத்தாக்கள்’ என்று பெயர். எசமானரின் நூலில் மரியெத்தாவின் பெயர் ஒரே ஒரு பதார்த்தத்துக்குத் தலைப்பாக நிற்கிறது: 604-ஆம் எண்ணுள்ள இனிப்பு ரொட்டி, பனெத்தோனே மரியெத்தா.